இரண்டாவது டிரைவ் எதற்கு: வீட்டுக் கணினியில் படத்தட்டுகளைப் பிரதி எடுத்த ஓராண்டு அனுபவம்

கண்டனூரில் உள்ள எங்கள் வீட்டுக் கணினியில் இப்போது இரண்டு டிவிடி டிரைவ்கள் இருக்கின்றன. ஒன்று, 2014ஆம் ஆண்டு காரைக்குடியில் அந்தக் கணினியை அசெம்பிள் செய்து வாங்கியபோதே பெட்டிக்குள் பொருத்தப்பட்டு வந்த, சாட்டா கேபிளில் இயங்கும் ரைட்டர். மற்றொன்று, சென்ற ஆண்டு ஆடித் தள்ளுபடியில் ரூ.1,800 கொடுத்து வாங்கிய, யுஎஸ்பி வழியாக இணைக்கும் மெல்லிய வெளி டிரைவ். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஓராண்டாக எங்கள் குடும்பத்தின் திருமணங்கள், சாந்திகள் (அறுபதாம் கல்யாணம் போன்றவை), கிரகப்பிரவேசங்கள் ஆகியவற்றின் படத்தட்டுகளை, விசிடியும் டிவிடியுமாக 64 தட்டுகளைப் பிரதி எடுத்திருக்கிறேன். இப்படி ஓர் ஏற்பாட்டை வீட்டில் செய்துகொள்வது தகுமா, செலவுக்கு ஏற்ற பயன் உண்டா என்று கேட்பவர்களுக்காக இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். டிரைவ்களின் நிறுவனப் பெயர்களைக் குறிப்பிடவில்லை. அதே மாடல்கள் இன்று கடையில் கிடைப்பது அரிது என்பதோடு, நான் சொல்லப்போவது எந்த நிறுவனத்தின் டிரைவுக்கும் பொருந்தும்.

ஒரு டிரைவில் அசலையும் மற்றொன்றில் காலித் தட்டையும் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் பிரதி தயாராகிவிடும் என்பதுதான் இரண்டு டிரைவ்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் பயன். வெளி டிரைவை எனக்கு விற்ற கடைத் தம்பியும் அதையேதான் சொன்னார். அப்படிச் செய்ய முடியும் என்பது உண்மையே. ஆனால் ஓராண்டு கழித்து நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு வேறு. வேகத்துக்காக இரண்டாவது டிரைவ் வாங்கத் தேவையில்லை. முதல் டிரைவ் படிக்க முடியாமல் கைவிட்டதைப் படிப்பதற்கும், முதல் டிரைவ் எழுதியது சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்கும்தான் அது வேண்டும்.

நானே இந்த வேலையில் இறங்கியதற்கு ஒரு மனக்குறை காரணம். என் அண்ணன் திருமணம் 2006ஆம் ஆண்டு பள்ளத்தூரில் பெண் வீட்டில் நடந்தது. மூன்று டிவிடிகளில் படம் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். கோலாலம்பூரில் இருக்கும் தங்கைக்கு ஒரு செட் அனுப்ப வேண்டும் என்று ஆத்தா சொல்லிக்கொண்டே இருந்ததால், சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு கடையில் கொடுத்துப் பிரதி எடுத்தேன். தட்டுகளின் மேல் அண்ணனும் அண்ணமிண்டியும் (அண்ணியும்) நிற்கும் படத்தைத் தாளில் அச்சிட்டு ஒட்டி, அழகான உறையில் போட்டுக் கொடுத்தார்கள். தங்கை அதை ஊருக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்திருக்கிறாள். மாப்பிள்ளை அழைப்பு வரை ஒழுங்காக ஓடிய படம், திருப்பூட்டும் (தாலி கட்டும்) நேரம் வந்ததும் சதுரம் சதுரமாகச் சிதறி, கழுத்துருவை ஏந்திய அண்ணனின் கை பாதி வழியில் நின்றபடி உறைந்துபோயிற்று. மறுபடி படம் நகர்ந்தபோது எல்லாம் முடிந்து, பெரியவர்கள் ஆசி கூறிக்கொண்டிருந்தார்கள். “அண்ணே, எதைப் பார்க்கணும்னு போட்டேனோ அதையே காணோமே” என்று அவள் தொலைபேசியில் சொன்னாள். கடையில் போய்க் கேட்டதற்கு, உங்கள் அசலே அப்படித்தான், எங்கள் மெஷினில் காப்பி முழுவதும் ஆகிவிட்டது என்று பதில் வந்தது. அசலை எங்கள் வீட்டுப் பிளேயரில் போட்டுப் பார்த்தோம். அந்த இடத்தில் ஒரு கணம் தயங்கியது. ஆனால் கை கழுத்தைச் சேர்ந்தது.

கடையில் என்ன நடந்திருக்கும் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. பிரதி எடுக்கும் மென்பொருள்கள் பலவற்றில், படிக்க முடியாத இடம் வந்தால் அதைத் தாண்டிச் செல்லும்படி ஓர் ஏற்பாடு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், டிரைவ் படிக்கத் திணறும் பகுதிகளில் வெற்றுத் தகவலை நிரப்பிக்கொண்டு வேலை முன்னேறும்; கடைசியில் திரையில் “வெற்றி” என்றே வரும். டிவிடியில் படம் எம்பெக்-2 முறையில் சுருக்கப்பட்டிருப்பதால், ஒரு முழுப் படத்தைத் தொடர்ந்து வரும் பல படங்கள் அதிலிருந்து மாறிய பகுதிகளை மட்டுமே குறித்து வைத்திருக்கும். ஆதாரமான அந்த ஒரு படம் கெட்டால், அதைச் சார்ந்த அத்தனை படங்களும் சேர்ந்து சிதறும். திரையில் நாம் காணும் சதுரங்கள் அவைதான்.

இனி என் ஏற்பாட்டுக்கு வருகிறேன். அசலிலிருந்து காலித் தட்டுக்கு நேரடியாக நான் எழுதுவதில்லை. முதலில் அசல் முழுவதையும் ஹார்ட் டிஸ்க்கில் ஐஎஸ்ஓ எனப்படும், தட்டின் அச்சுப் பிரதியான ஒரே கோப்பாக இறக்கிக்கொள்கிறேன். பிறகு அந்தக் கோப்பிலிருந்து காலித் தட்டில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் அந்தத் தட்டை மற்றொரு டிரைவுக்கு மாற்றி, கோப்போடு ஒப்பிட்டுச் சரிபார்க்கிறேன். விண்டோஸில் இவை மூன்றையும் இம்ஜ்பர்ன் என்ற இலவச மென்பொருள் ஒன்றே செய்கிறது. அதன் கடைசிப் பதிப்பு 2013இல் வந்தது. அதற்குப் பிறகு புதுப்பிக்கப்படாவிட்டாலும் இந்த வேலைக்கு அதில் எந்தக் குறையும் இல்லை. படிக்கும்போதும் எழுதும்போதும் நடப்பதை வரிவரியாகக் கீழே காட்டிக்கொண்டே வருவது அதன் பெரிய சிறப்பு. தடுமாறிய இடத்தின் எண்ணைக்கூடச் சொல்லிவிடும்.

நேர ஒப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். டிவிடியில் ஒரு மடங்கு வேகம் என்பது நொடிக்கு ஏறத்தாழ 1.385 மெகாபைட், ஓர் அடுக்குத் தட்டின் 4.7 ஜிகாபைட்டையும் அந்த வேகத்தில் படிக்க 57 நிமிடங்கள் ஆகும். மெல்லிய வெளி டிரைவ்கள் எட்டு மடங்கு வேகம்வரை போகும். கீறல் இல்லாத ஒரு முழுத் தட்டை நேரடியாகப் பிரதி எடுத்தபோது எனக்கு 11 நிமிடங்கள் ஆயின. கோப்பாக இறக்கி, எழுதி, சரிபார்த்தபோது மொத்தம் 28 நிமிடங்கள். ஒரே ஒரு பிரதிக்கு இது இரண்டு மடங்குக்கு மேல்தான். ஆனால் எங்களைப் போன்ற குடும்பத்தில் யார் ஒரு பிரதியோடு நிறுத்துகிறார்கள்? அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, பெண் வீட்டாருக்கு ஒன்று, அம்மானுக்கு ஒன்று என்று நான்கு ஐந்து வேண்டியிருக்கிறது. கோப்பு ஒன்று கையில் இருந்தால், வயதான அசல் தட்டை ஒரு முறை சுழலவிட்டதோடு உறையில் போட்டுவிடலாம். நேரடிப் பிரதியில் அது ஒவ்வொரு முறையும் சுழல வேண்டும்.

உறையில் 4.7 ஜிகாபைட் என்று அச்சிட்டிருக்கும் தட்டைக் கணினியில் போட்டால் 4.37 என்று காட்டுவதைப் பார்த்து, தட்டு போலியோ என்று என் மருமகன் கேட்டான். போலி இல்லை. தட்டு செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1,024ஆல் வகுக்கிறது.

இரண்டு டிரைவ்களும் தங்கள் விலையை எனக்குத் திருப்பித் தந்தது அந்தத் திருமணத்தின் இரண்டாவது தட்டில்தான் என்பதால், அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, வெளி விளிம்பிலிருந்து இரண்டு விரல்கடை உள்ளே, தடத்தின் போக்கிலேயே வளைந்து செல்லும் ஒரு கீறல் தெரிந்தது. இதுதான் மிகவும் கெட்ட கீறல். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகப் போகும் கீறலை லேசர் கதிர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கணம் மட்டுமே சந்திக்கும். அந்த இடைவெளியைத் தட்டிலேயே உள்ள பிழை திருத்தும் தகவலைக் கொண்டு டிரைவ் இட்டு நிரப்பிவிடும். தடத்தோடு சேர்ந்தே ஓடும் கீறலில் தொடர்ந்து பல தகவல்கள் மறைந்துபோவதால் திருத்தத் திறன் போதாமல் போகிறது. தட்டைத் துடைக்கும்போது வட்டமாகத் துடைக்கக்கூடாது, நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும் என்பதும் இதனால்தான். நான் பயன்படுத்துவது அப்பச்சியின் (அப்பாவின்) பழைய மல் வேட்டித் துணி. துவைத்துத் துவைத்து நைந்துபோன அதன் மென்மை கடையில் வாங்கிய எந்தத் துணியிலும் இல்லை.

துடைத்த பிறகும் உள் டிரைவ் அந்த இடத்தில் நின்றுவிட்டது. இம்ஜ்பர்ன் மீண்டும் மீண்டும் முயன்று பிழை காட்டியது. அப்போதுதான் லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ என்ற இலவசக் கருவியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். கணினியில் எதையும் மாற்றாமல், லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணினியைத் தொடங்கிப் பயன்படுத்தினேன். இந்தக் கருவி முதலில் எளிதாகப் படிக்கக்கூடியதையெல்லாம் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுச் செல்கிறது. எந்தெந்த இடம் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைக்கிறது. அடுத்த முறை இயக்கும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து, கிடைக்காத இடங்களுக்கு மட்டும் போகிறது. இங்கேதான் இரண்டாவது டிரைவ் வேலைக்கு வருகிறது: அதே தட்டை எடுத்து வேறொரு டிரைவில் போட்டு, அதே வரைபடக் கோப்பைக் கொடுத்தால், முதல் டிரைவ் விட்ட இடத்திலிருந்து இது தொடரும்.

உள் டிரைவில் இரவு முழுவதும் ஓடவிட்டு, காலையில் பார்த்தபோது 6,320 செக்டர்கள் மீதி இருந்தன. செக்டர் என்பது தட்டில் தகவலைப் பிரித்து வைக்கும் சிறு துண்டு; ஒன்று 2,048 பைட். ஆக, ஏறத்தாழ 13 மெகாபைட். அந்தத் தட்டின் படத்தில் அது 20 நொடிகள் அளவுக்கு வரும். 20 நொடி என்பது சிறிதாகத் தோன்றலாம். திருப்பூட்டுவதற்கு அவ்வளவு நேரம்தான் ஆகிறது. தட்டை எடுத்து வெளி டிரைவில் போட்டேன். எண்ணிக்கை குறையத் தொடங்கியது. டிவிடியில் 16 செக்டர்கள் சேர்ந்த ஒரு கட்டுக்கு ஒரே பிழை திருத்தம் என்பதால், குறையும்போதும் பதினாறு பதினாறாகவே குறைந்துகொண்டு வந்தது: 6,304, 6,288, 6,272. காப்பி ஆறிப்போனது தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்குள் மீதி 144க்கு வந்து நின்றது. அது அரை நொடிக்கும் குறைவான படம். கோப்பை ஓடவிட்டுப் பார்த்தோம். அண்ணனின் கை உயர்கிறது, ஒரு மின்னல் போலப் படம் ஒருமுறை சிலிர்க்கிறது, முடிச்சு விழுகிறது. ஆத்தா அதை மூன்று முறை போடச் சொன்னார்கள்.

விலை குறைந்த, மெல்லிய வெளி டிரைவ் எப்படிப் பெரிய உள் டிரைவ் விட்டதைப் படித்தது என்று கேட்கலாம். அது சிறந்த டிரைவ் என்பதால் அல்ல. வேறு சில தட்டுகளில் இதற்கு நேர்மாறாக நடந்தது. வெளி டிரைவ் அடையாளமே காணாத ஒரு தட்டை உள் டிரைவ் முழுமையாகப் படித்தது. ஒவ்வொரு டிரைவின் லென்ஸும், லேசரின் தேய்மானமும், கீறலைக் கடக்கும்போது தடத்தைப் பின்பற்றும் முறையும் வெவ்வேறானவை. ஆகவே ஒரே நிறுவனத்தின் ஒரே மாடலில் இரண்டு வாங்குவதைவிட, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு டிரைவ்களை வைத்துக்கொள்வது நல்லது என்பதே என் பரிந்துரை.

சரிபார்ப்புக்கும் இதே காரணம்தான். தான் எழுதியதைத் தானே படிக்கும்போது ஒரு டிரைவுக்குப் பெரும்பாலும் சிரமம் இருப்பதில்லை. அந்தத் தட்டு போய்ச் சேரும் வீட்டில் இருப்பதோ வேறொரு பிளேயர், பெரும்பாலும் பத்துப் பதினைந்து ஆண்டு பழையது. எழுதாத டிரைவில் படித்துப் பார்த்துவிட்டால், ஓரளவு நம்பிக்கையோடு கொடுக்கலாம். இப்படிச் சரிபார்த்ததில்தான், உதிரியாக வாங்கிய 50 காலித் தட்டுகளில் 6 தட்டுகள் எழுதிய டிரைவில் நன்றாகவும் மற்றதில் பிழையோடும் இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து உறையில் தயாரிப்பாளர் பெயர் இல்லாத தட்டுகளை வாங்குவதில்லை. ஒரு தட்டு ரூ.25 என்றாலும், கெட்டுப்போன தட்டோடு போவது அந்த 25 ரூபாய் மட்டும் இல்லை.

விசிடிகளின் கதை வேறு. அப்பச்சியின் சாந்தி 2001இல் நடந்தது; அது இரண்டு விசிடிகளில் இருந்தது. விசிடி, 352க்கு 288 புள்ளிகள் என்ற அளவிலான எம்பெக்-1 படத்தைச் சாதாரண சிடியில் வைப்பது. கணினியில் திறந்தால் டேட் என்று முடியும் கோப்பு ஒன்று தெரியும். அதை இழுத்து ஹார்ட் டிஸ்க்கில் போட்டால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் தொடங்கினேன். நல்ல தட்டில் அது நடக்கவும் செய்யும். ஆனால் அசலைப் போலவே பிளேயரில் ஓடும் பிரதி வேண்டுமென்றால், ஐஎஸ்ஓவாக இறக்கக்கூடாது. பின் (.bin), க்யூ (.cue) என்ற இரட்டைக் கோப்பாகவே இறக்க வேண்டும். சாதாரணத் தகவல் சிடியில் ஒரு செக்டருக்கு 2,048 பைட் மட்டுமே தகவல். மீதி இடத்தில் கூடுதல் பிழை திருத்தம் இருக்கும். விசிடியின் படப் பகுதியில் அந்தக் கூடுதல் திருத்தத்தை விட்டுவிட்டு 2,324 பைட் வரை படத்துக்கே கொடுத்திருக்கிறார்கள். 700 மெகாபைட் சிடியில் 800 மெகாபைட் அளவுக்குப் படம் அடங்குவதும் அதனால்தான், சிறிய கீறலுக்கே விசிடி திக்கித் திணறுவதும் அதனால்தான்.

டிடிரெஸ்க்யூ இந்த வகைச் செக்டர்களைப் படிப்பதில்லை என்பதால், விசிடிகளில் இரண்டு டிரைவ்களையும் கையாலேயே மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. சாந்தியின் முதல் தட்டில் 43ஆவது நிமிடத்தில், அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் கலச நீரை ஊற்றும் இடத்தில், உள் டிரைவ் உறுமிக்கொண்டே நின்றுவிட்டது. படிக்கும் வேகத்தை நான்கு மடங்கு (4x) என்ற அளவுக்குக் குறைத்து வெளி டிரைவில் போட்டபோது முழுவதும் வந்தது. வேகத்தைக் குறைப்பதும் ஒரு வைத்தியம்தான். பழுதுபட்ட தட்டுக்கு எந்த டிரைவிலும் முதலில் அதைச் செய்து பார்க்கலாம்.

இந்தத் தட்டுகள் இவ்வளவு கெட்டதற்கு நாங்களேதான் காரணம். இரண்டாம் கட்டில் ஓர் அலமாரியில், பனையோலைக் கொட்டான் ஒன்றில், புகைப்படங்களோடு சேர்த்து, பலவற்றை உறையில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருந்தோம். கொட்டான் என்ன செய்யும், பாவம். அது பலகாரம் வைக்கவும் தாம்பூலம் வைக்கவும் முடையப்பட்டது. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் தட்டுகள் ஒன்றோடொன்று உரசின. இதைவிடக் கெட்டது, சிடிகளின் மேற்புறத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியது. சிடியில் தகவல் அடுக்கு அடியில் இல்லை, நாம் எழுதும் மேற்புறத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. பேனா அழுத்தினால் நேராக அங்கேதான் பதியும். டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு தட்டுகளை ஒட்டி, தகவலை நடுவில் வைத்திருப்பதால் அந்த ஆபத்து குறைவு. இப்போது ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெட்டியில், நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன். எழுதக்கூடிய தட்டுகளில் தகவலைத் தாங்குவது ஒருவகைச் சாயம். வெயிலும் வெப்பமும் அதற்கு ஆகாது. சுண்ணாம்புச் சாந்துச் சுவர்கள் உள்ள பழைய வீடு இந்த விஷயத்தில் நமக்கு வாய்த்த நன்மை. சித்திரை வெயிலிலும் எங்கள் உள் அறைகள் தணிந்தே இருக்கும்.

தட்டின் மேல் தாள் ஒட்டும் பழக்கத்தையும் நான் ஏற்கவில்லை. டிவிடி 16 மடங்கு வேகத்தில் நிமிடத்துக்கு 9,000 சுற்றுகள் அளவுக்குச் சுழலக்கூடியது. ஒரு பக்கம் கொஞ்சம் விலகி ஒட்டப்பட்ட தாளும், ஈரக்காற்றில் உப்பிய பசையும் அந்த வேகத்தில் தட்டை அதிரச் செய்யும். சிடி மார்க்கரால் நடு வளையத்தின் அருகே ஊர், பெயர், ஆண்டு மட்டும் எழுதினால் போதும்.

வெளி டிரைவின் குறைகளுக்கு வருகிறேன். முதல் பத்து நாட்கள் அது என்னை மிகவும் சோதித்தது. தட்டைப் போட்டால் சுழலத் தொடங்கும், பிறகு டிக் டிக் என்று ஓசையிட்டு அடங்கிவிடும். அல்லது பாதி எழுதியபோது கணினி அந்த டிரைவையே மறந்துவிடும். இரண்டு தட்டுகள் வீணாயின. திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்துக் கடைக்குக் கிளம்பும் வேளையில்தான், அதைப் பெட்டியின் முன்பக்க யுஎஸ்பி துளையில் செருகியிருப்பதைக் கவனித்தேன். இத்தகைய டிரைவ்கள் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தையும் அந்தக் கேபிளிலிருந்தே எடுக்கின்றன. பழைய யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டிய அளவு 500 மில்லிஆம்பியர். எழுதும்போது லேசருக்கும் மோட்டாருக்கும் சேர்த்து அது போதாமல் போகலாம், நீண்ட உள் கம்பி வழியாக வரும் முன்பக்கத் துளையில் இன்னும் குறையலாம். மதர்போர்டிலேயே பதிந்துள்ள பின்பக்கத் துளைக்கு மாற்றி, இரண்டு தலைகள் உள்ள கேபிளைப் போட்ட பிறகு அந்தத் தொல்லை வரவில்லை. இதைப் பெட்டியிலோ கையேட்டிலோ தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தட்டைத் தாங்கும் தட்டமும் மிக மெல்லியது. நடுவில் உள்ள பிடியில் தட்டை அழுத்தும்போது கீழே ஒரு விரலால் தாங்கிக்கொள்ளாவிட்டால் வளைகிறது. வயதானவர்கள் கையாளும் வீட்டில் இது ஒரு குறையே.

உள் டிரைவ் பத்தாண்டு உழைப்புக்குப் பிறகும் நன்றாகவே எழுதுகிறது. நான் எழுதுவது எட்டு மடங்கு வேகத்தில். 16 மடங்குத் தட்டில் உச்ச வேகத்தில் எழுதியவை மற்ற டிரைவில் அதிகம் தடுமாறின, மிக மெதுவாக எழுதியதால் தனி நன்மை எதுவும் தெரியவில்லை. எங்கள் ஊரில் முன்னறிவிப்பு இல்லாமல் மின்சாரம் போவதுண்டு. நடுவில் நின்ற தட்டை மறுபடி பயன்படுத்த முடியாது என்பதால் யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

கடைகளில் வாங்கிய திரைப்படத் தட்டுகளை இதில் பிரதி எடுக்கலாமா என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. காரைக்குடி அருகே தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.மெய்யப்பச் செட்டியார் ஸ்டூடியோ நடத்திய மண் இது. இங்கே படத்தட்டு இல்லாத வீட்டைக் காண்பது அரிதாக இருந்தது. மோசர் பேர் நிறுவனம் விசிடியை ரூ.28க்கும் டிவிடியை ரூ.34க்கும் விற்ற காலத்தில் நானும் கட்டுக் கட்டாக வாங்கினேன். அத்தகைய டிவிடிகளில் பல, சிஎஸ்எஸ் என்ற பூட்டு முறையில் குறியாக்கம் செய்யப்பட்டவை. இம்ஜ்பர்ன் அந்தப் பூட்டைத் திறக்காது. எத்தனை டிரைவ் இருந்தாலும் இதில் மாற்றமில்லை. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்குகிறது. ஒரு படத்தைப் பலருக்கு எடுத்துக் கொடுப்பது பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தவறு. என்னிடம் அப்படிக் கேட்டு வந்தவர்களை நான் திருப்பி அனுப்பிவிட்டேன்; அவர்களிடம் கல்யாணத் தட்டுகள் இருந்தால் கொண்டுவரச் சொன்னேன். சிலர் கொண்டுவந்தார்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் எடுத்த படங்கள் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில், நொடிக்கு 25 படங்களாக இருப்பவை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதே முறைதான் என்பதால் தங்கை வீட்டில் தட்டு தடையின்றி ஓடுகிறது. அமெரிக்காவில் என்டிஎஸ்சி (NTSC) என்ற வேறு முறை; அங்குள்ள பழைய பிளேயர்கள் பல நம் தட்டை ஏற்பதில்லை. அங்கே இருக்கும் பெரியப்பா மகனுக்குத் தட்டு அனுப்புவதை விட்டுவிட்டு, அதே ஐஎஸ்ஓவிலிருந்து எம்பி4 கோப்பாக மாற்றி அனுப்பினேன்.

இன்று புதிதாகக் கணினி வாங்குகிறவர்களுக்கு உள் டிரைவ் பொருத்தும் இடமே பெரும்பாலான பெட்டிகளில் கிடைப்பதில்லை. மடிக்கணினியிலும் இல்லை. அவர்கள் இரண்டு வெளி டிரைவ்களை வைத்தே இதைச் செய்யலாம். புதிதாக ஒன்றும், பழைய கணினி பழுது பார்க்கும் இடத்தில் கிடைக்கும் பழைய உள் டிரைவ் ஒன்றை யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி மற்றொன்றுமாக வைத்துக்கொண்டால், மொத்தச் செலவு ரூ.3,000க்குள் அடங்கிவிடும். வீட்டில் நான்கைந்து தட்டுகள் மட்டுமே இருந்து, அவையும் கீறல் இல்லாமல் இருந்தால் இவ்வளவு தேவையில்லை. ஒரு டிரைவே போதும், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினாலும் போதும். அலமாரியில் பத்துக்கு மேல் இருந்தால், அதிலும் 2000க்கும் 2010க்கும் இடைப்பட்டவை இருந்தால், தள்ளிப்போடாமல் வாங்கலாம். ஒவ்வொரு மழைக்காலம் கழிந்தபோதும் எங்கள் தட்டுகளில் ஒன்றிரண்டு புதிதாகத் தடுமாறத் தொடங்கியதைப் பார்த்தே இதைச் சொல்கிறேன்.

எங்களுடைய 64 தட்டுகளில் 58 முழுமையாக வந்துவிட்டன. நான்கில் சில நொடிகள் போயின. ஒரு விசிடியின் மேற்பூச்சு உரிந்து வெளிச்சம் ஊடுருவுகிறது. அதற்கு இனி வழியில்லை. மீதி ஒன்று அண்ணன் திருமணத்தின் அந்த இரண்டாவது தட்டு. அதன் வரைபடக் கோப்பை அழிக்காமல் வைத்திருக்கிறேன். தேவகோட்டையில் எங்கள் பங்காளி வீட்டில் 2008இல் வாங்கிய கணினி ஒன்று மூலையில் கிடக்கிறது. அதிலுள்ள டிரைவைக் கழற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கிவந்து, மீதமுள்ள 144 செக்டர்களை அதில் போட்டுப் பார்க்க வேண்டும்.